எண்பது வாளியும் ஒரு பீரோவும்

செப்டம்பர் 28, சனி. ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

இந்த நோட்டில் நான் எழுதப்போகிற கதையை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். கற்பூரத்தை அணைத்துத்தான் சத்தியம் செய்ய வேண்டும். விமானத்தில் கற்பூரத்துக்கு அனுமதி இல்லை என்பதால் மேஜை விளக்கை அணைத்துச் செய்தேன். செல்லும்.

நோட்டைக் கொடுத்தவள் என் அக்கா மகள் மதிவதனி, ஏழாம் வகுப்பு, கோவில்பட்டி. கொடுக்கும்போதே நிபந்தனை போட்டாள்.

"மாமா, தெனமும் எழுதணும். புளுகாம எழுதணும்."

முதலாவதற்கு முயற்சி செய்கிறேன்.

நான் பூவநாதன். வயது நாற்பத்து மூன்று. பாலிடெக்னிக்கில் பதினேழு வருடம் நீரியல் பாடம் நடத்தியவன். அதாவது, தண்ணீர் எந்தப் பக்கம் போகும், ஏன் போகும் என்று மூவாயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். இப்போது உதவித்தொகை வாங்கிக்கொண்டு மேல்படிப்பு மாணவனாக வந்திருக்கிறேன். கல்லூரியில் நீண்ட விடுப்பு என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். மிக நீண்ட விடுப்பு. திரும்பிப் போய்ச் சேரவேண்டிய தேதி அதில் இல்லை.

வந்த விமானம் வழி நெடுக என் பெட்டி இருந்த பக்கமாகச் சாய்ந்தே பறந்தது. துருக்கிக்கு மேலே வரும்போது விமானி வெளியே வந்து, "ஐயா, அந்த நார்த்தங்காய் ஊறுகாயை மட்டும் இடது பக்கம் மாற்றி வைக்க முடியுமா" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். செய்தேன். முந்நூறு உயிர் பிழைத்தது.

ஸ்டுட்கார்ட் ஒரு வாணலி. அடியில் ஊர், விளிம்பெல்லாம் வீடு. என் வீடு விளிம்பில். ஏறுவதற்கு நாலாயிரம் படிகள். மூன்றாயிரத்தில் மேகம் வந்து கண்ணாடியில் படிந்தது, துடைத்துக்கொண்டு ஏறினேன். நூறு வருடத்துக் கட்டடம், நாலு மாடி. அதற்கு மேலே கூரைக்கு அடியில் ஓர் அறை. அது எனக்கு.

அறைக்குச் சொந்தக்காரி தரைத்தளத்தில் இருக்கும் ஹேபர்லே அம்மாள். வயது எழுபத்தாறு. உயரம் எங்கள் ஊர் தண்ணீர்த் தொட்டி அளவு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த அளவே தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்: நாலு வாரம் பார்ப்பேன். பிடித்தால் அக்டோபர் இருபத்தாறாம் தேதி விலாசத் தாளில் கையெழுத்துப் போடுவேன். பிடிக்காவிட்டால் கிளம்பிக்கொள்.

விலாசத் தாள் என்பது சாதாரணக் காகிதம் அல்ல. அது இருந்தால்தான் நகராட்சியில் என் பேர் பதிவாகும். பதிவானால்தான் விசா நீளும். இருபத்தெட்டாம் தேதி அங்கே போய் நிற்பதற்கு முன்பதிவு செய்திருக்கிறேன். இந்த ஊரில் மாணவர்களுக்கு வேறு அறை கிடைப்பது, கோவில்பட்டியில் பனி பெய்வது மாதிரி.

அறையில் ஒரு பீரோ இருக்கிறது. கறுத்த மரம். உள்ளே ஒரு தாலுகா அலுவலகமே நடத்தலாம். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. திறக்கவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஒரு தட்டு இடியப்பம், அதன் பின்னால் ஒரு மீசை. மூன்றாம் மாடித் தவராசா. யாழ்ப்பாணம் காரைநகர்க்காரர், இங்கே வந்து முப்பத்து மூன்று வருடம், ஊர் பஸ் ஓட்டுகிறார்.

"தமிழ் ஆள் வந்திருக்கு எண்டு கேள்விப்பட்டன். என்ன வேலை பாத்தனீங்கள்?"

"வாத்தியார், அண்ணாச்சி."

"அப்ப மாஸ்டர். சாப்பிடுங்கோ மாஸ்டர். சொதி ஆறப்போகுது."

ஹேபர்லே அம்மாளைப் பற்றிக் கேட்டேன். குரலைத் தாழ்த்தினார். அவள் நாலு மாடிக்குக் கீழே இருந்தும்.

"நல்ல மனுசி. ஆனாக் கறார். போன வருசம் உங்கட அறையிலை ஒரு பெடியன் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேக்க வெறும் போத்திலைத் தொட்டியிலை போட்டிட்டான். பத்தாம் நாள் அனுப்பிப்போட்டா."

இன்று முழுவதும் தும்மலைக்கூட அடக்கினேன். இரண்டு தும்மல் காது வழியாகப் போயிற்று.

அக்டோபர் 2, புதன்

முதல் வகுப்பு. உள்ளே நுழைந்தேன். அறுபது பேர் சட்டென்று பேச்சை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பழக்க தோஷத்தில் நான் நேராகக் கரும்பலகைப் பக்கம் போய், அழிப்பானைக் கையில் எடுத்துவிட்டேன். நிஜமான பேராசிரியர் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், காலில் ரப்பர் செருப்பு. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு, அறை மாறி வந்துவிட்டேனோ என்று வெளியே போகப் பார்த்தார்.

கடைசி பெஞ்சில் இடம் பிடித்தேன். என் இரண்டு பக்கமும் காலி. ஏழு ஏழு இடம் காலி. மரியாதை காரணமாக இருக்கும்.

வகுப்பு முடிந்ததும் ஒரு கலவரம். அறுபது பேரும் விரல் முட்டியால் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். பதினேழு வருடத்தில் பெஞ்சைத் தட்டியதற்காக நான் வெளியே அனுப்பிய பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் சாத்தூர் வரை நிற்பார்கள். "யார்டா அது" என்று எழுந்தே விட்டேன். பேராசிரியரோ தலை குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தவராசாவிடம் கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாஸ்டர், அதுதான் இஞ்சை கைதட்டு. படிப்பிச்சது நல்லா இருந்தா மேசையிலை தட்டுவினம்."

கோவில்பட்டியில் நான் வெளியே அனுப்பிய அத்தனை பேரிடமும் இங்கிருந்தே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் நான் உலகத்திலேயே மிகவும் பாராட்டப்பட்ட வாத்தியார்.

அக்டோபர் 5, சனி

பெட்டியிலிருந்து நாலாவது சட்டையை எடுத்தேன். சட்டையில் தமிழ்நாட்டு வரைபடம் மாதிரி மடிப்பு. வைகை தெளிவாகத் தெரிகிறது.

அக்டோபர் 7, திங்கள்

பதவி கிடைத்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு பலகை தொங்குகிறது. அழகான கொட்டை எழுத்து. வந்து பத்து நாள் ஆகவில்லை. மூன்றாம் மாடிக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, நம்மளத் தலைவராப் போட்டுட்டாவளா?"

"விசர்க் கதை கதையாதேங்கோ. இந்தக் கிழமை படி கூட்டுற முறை உங்கட. மேலை இருந்து கீழை வரைக்கும். ஞாயிறுக்கு முதல் முடிச்சுப்போட்டு, பலகையை மற்ற வீட்டுக் கதவிலை கொழுவவேணும். இந்த ஊரிலை கோயில் திருவிழா மாதிரி இது, தவறவே கூடாது."

"எப்படிக் கூட்டணும்?"

"நல்லா வடிவாத் துப்பரவாக்குங்கோ. அவ விரலாலை தொட்டுப் பாப்பா."

வடிவாக என்றார். அளவு சொல்லவில்லை. பிற்காலச் சரித்திர ஆசிரியர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

காலையில் செண்பகவல்லி அக்கா போனில்.

"ஏல பூவா, இன்னைக்கு ஆயுத பூசை. பொஸ்தகம், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் தொடச்சிப் பொட்டு வையி. இருக்க எடத்த நல்லாக் கழுவி விடு."

"சரிக்கா. வீடு பூராவுமே இந்த வாரம் எம் பொறுப்புத்தான்."

"துணிமணிய பீரோவுல அடுக்கிட்டியா?"

"அது வந்த அன்னைக்கே அடுக்கியாச்சுல்லா."

பெட்டியின் அடியிலிருந்து வேட்டியை உருவி எடுத்துக் கட்டிக்கொண்டேன். மடிக்கணினி, கால்குலேட்டர், பாடப்புத்தகம், துடைப்பம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கதவில் தொங்கிய பலகைக்கும் மூன்று பொட்டு, ஒரு சாமந்திப் பூ. பிறகு வாளியை எடுத்தேன்.

கழுவுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மேலேயிருந்து தண்ணீரை விசிறி ஊற்ற வேண்டும். துடைப்பத்தால் தள்ள வேண்டும். அது வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். நாற்பத்து மூன்று வருடமாக என் வீட்டுத் தண்ணீர் அப்படித்தான் போகிறது.

எண்பது வாளி ஊற்றினேன். முதல் பத்து வாளியில் படிகள் பளபளத்தன. இருபதில் அருவிச் சத்தம். நாற்பதில் குற்றாலத்துக் குரங்கு ஒன்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, சீசன் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லப் போயிற்று. அறுபதாவது வாளியில் என்ஜினுடன் ஒரு படகு இரண்டாம் மாடியைக் கடந்தது.

அப்போதுதான் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். ஒன்று, படிகள் மரம். மெழுகு போட்ட நூறு வருடத்து மரம். இரண்டு, இந்த நாட்டில் வீட்டுத் தரையில் தண்ணீர் போக ஒரு ஓட்டைகூடக் கிடையாது. குளியலறையிலேயே கிடையாது. படிக்கட்டில் எங்கிருந்து வரும். வாசலிலும் ஒரு சாண் உயரத்துக்கு நிலைக்கல். இதையெல்லாம் நான் இரண்டாவது வாளியிலேயே பார்த்திருக்க வேண்டும். நீரியல் வாத்தியார்.

கீழே இறங்கினேன். ஹேபர்லே அம்மாள் தன் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலுக்கடியில் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தது. தவராசா பஸ் டிரைவர் சட்டையோடு ஓடி வந்தார், கையில் பழைய துவாய்கள். அவள் மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னாள்.

"என்ன சொல்லுதா?"

"உங்கட நாட்டிலை மரத்துக்குத் தண்ணி ஊத்தினா முளைக்குமோ எண்டு கேக்கிறா."

அடுத்த வாக்கியத்தை அவர் மொழிபெயர்க்கவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். பலகையில் வைத்த சாமந்தி எப்படியோ தண்ணீரோடு கீழே வந்திருந்தது. அதிலிருந்து ஒரு இதழ் பிரிந்து மிதந்து, என் கண் முன்னால் ஹேபர்லே அம்மாளின் சமையலறைப் பக்கம் போயிற்று. நிதானமாக, விலாசம் தெரிந்த மாதிரி. வாசல் மூன்று அடி தூரத்தில் இருக்கிறது. தண்ணீர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு இதழைப் பிய்த்து வாசலோரம் போட்டேன். அதுவும் கிளம்பிச் சமையலறைக்குப் போயிற்று.

"அண்ணாச்சி," என்றேன், "இந்த வீடு சாஞ்சிருக்கு."

"மாஸ்டர், இப்ப ஏன் வாயைத் திறக்கிறீங்கள்."

"பூவப் பாருங்க. பின்பக்கமாச் சாஞ்சிருக்கு."

அவர் வேண்டாவெறுப்பாக அதை ஜெர்மனில் சொன்னார். ஹேபர்லே அம்மாள் துவாயைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"திரும்பச் சொல்லட்டாம்," என்றார் தவராசா. இந்த முறை அவர் குரலே வேறு.

சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். மேஜை மேல் ஒரு அவித்த முட்டையை வைத்தாள். அது மெல்ல உருண்டது. விளிம்பு தாண்டி விழும்போது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முட்டையைப் பார்க்காமலே, கீழே கை நீட்டிப் பிடித்தாள்.

பதினோரு வருடப் பழக்கம் என்றாள்.

அக்டோபர் 12, சனி

எட்டு மணி நேரம் படிகளைத் துடைத்தேன். ஏழாவது படி ஊதிவிட்டது, மிதித்தால் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது.

தவராசா முழுக் கதையையும் சொன்னார். பதினோரு வருடமாக இந்த வீடு சாய்கிறது என்று ஹேபர்லே அம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதல் மாடி கூப்ளர், நாற்பது வருடம் ரசமட்டம் செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர், தன் கையளவு ரசமட்டத்தைப் படியில் வைத்து, குமிழி நடுவில் நிற்பதைக் காட்டி, வீடு நேராகத்தான் இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் நிரூபித்துவிடுகிறார். அஸ்திவாரம் பார்க்க ஆள் கூப்பிடும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

"அது பரவாயில்லை மாஸ்டர். மகன் ஒருத்தர் முனிக்கிலை இருக்கிறார். வீடு சரியாத்தான் இருக்கு அம்மா, உங்கட தலைதான் சுத்துது எண்டு சொல்லுறார். இந்த மாசக் கடைசியிலை முதியோர் இல்லத்து ஃபோர்ம் கொண்டு வாறாராம்."

நான் துவாயைப் பிழிந்தேன். ஆறு டம்ளர் வந்தது.

அக்டோபர் 14, திங்கள்

வகுப்பில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். என் பேனாவைக் கடன் வாங்கினாள். திரும்பக் கொடுத்தபோது பெஞ்சே தங்கமாக மாறியிருந்தது.

அக்டோபர் 16, புதன்

கூப்ளரைச் சந்தித்தேன். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடியையே ரசமட்டம் வைத்துத்தான் மாட்டுவார் போல. தவராசா நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார்.

"மரத்திலை ஊத்தின தண்ணி கண்ட கண்ட பக்கம் ஓடும், அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது எண்டு சொல்லுறார்."

"அவர் ரசமட்டம் ஒரு கை நீளம்தான். வைக்கிற படி மட்டும் நேரா இருந்தாப் போதும். வீட்ட அளக்க வீட்டு நீளத்துக்கு மட்டம் வேணும்னு சொல்லுங்க."

கூப்ளர் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவு நீள ரசமட்டம் உலகத்தில் கிடையாதாம்.

"இருக்கு," என்றேன். "எங்கூர்ல ஒவ்வொரு கொத்தனார் தோள்லயும் தொங்கும். டியூப் லெவல். நீளமான கண்ணாடி மாதிரிக் குழாய், உள்ள தண்ணி. ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துலதான் நிக்கும். அது யாருக்கும் கட்சி பேசாது."

ஹேபர்லே அம்மாள் தன் கதவின் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து சுருக்கமாகச் சொன்னாள். தவராசா என் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை அளக்கட்டாம். வீடு சாய்வெண்டு காட்டினா, படியிலை ஊத்தினதை மறந்து கையெழுத்துப் போடுறாவாம். காட்டாட்டி, வாளியையும் எடுத்துக்கொண்டு போகட்டாம்."

ஏன் இப்படிச் செய்தாள் என்று யோசித்தேன். ஒரே ஒருத்தன் நம்பியிருக்கிறான். அவனும் முட்டாளா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அக்கா போனில் கேட்டாள்: "வீட்டுக்கார அம்மா எப்படி?"

"தங்கமான மனுசி. நானும் அவளும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி பண்ணுதோம்."

அக்டோபர் 19, சனி

காலை பதினோரு மணி. வீட்டுக்காரர்கள் எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது படியில் உட்கார்ந்தவர் அசையும்போதெல்லாம் ஆட்டுக்குட்டி கத்தியது. பத்திரிகையாளர்கள் நானூறு பேர், மேயர், இரண்டு பாண்டு வாத்தியக் குழு. தெருவில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் குதிரைப் படை.

பன்னிரண்டு மீட்டர் குழாய் வாங்கி, தண்ணீர் நிரப்பி, தவராசாவின் சாம்பாருக்குப் போடும் மஞ்சள் கொஞ்சம் கலந்துவிட்டேன், மட்டம் பளிச்சென்று தெரியட்டும் என்று. கூப்ளர் ஒரு நிபந்தனை போட்டார்: வாசல் முனையைத் தானே பிடிப்பார், இரண்டு முனையிலும் தானே அளப்பார். சரி என்றேன். நான் சமையலறை முனையைப் பிடித்தேன். தரையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வரை எவ்வளவு உயரம் என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தரை எங்கே பள்ளமோ அங்கே அளவு கூடுதலாக இருக்கும்.

கூப்ளர் அளந்தார். வாசலில் எண்பத்தொரு சென்டிமீட்டர். முனையைக் கதவு நிலையில் கட்டிவிட்டு, நடந்து வந்து என் பக்கம் அளந்தார். எழுபத்தொன்பது.

சமையலறை பள்ளம் இல்லை. மேடு.

படிக்கட்டில் யாரோ இருமினார்கள். கூப்ளர் சிரிக்கவில்லை. அந்த அளவுக்கு நல்ல மனிதர். ஹேபர்லே அம்மாள் தன் கதவைப் பாதி சாத்தினாள். அந்தப் பாதிக் கதவு வழியாக அடுப்பு தெரிந்தது. அடுப்பின் ஒரு காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டைகள், வருடத்துக்கு ஒன்று மாதிரி, அடுக்கடுக்காக.

"மாஸ்டர்," என்றார் தவராசா மெல்ல, "நான் பஸ்ஸிலை உங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுறன்."

குழாயைச் சுருட்டக் குனிந்தேன். குனியும்போதுதான் பார்த்தேன், மாடிப்படி வளைவில் குழாய்க்குள் ஒரு குமிழி. வாத்து முட்டை அளவு, சொகுசாகப் படுத்திருந்தது. பதினேழு வருடமாக ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் நான் தொண்டை வறளக் கத்தியது இதைத்தான்: டியூப்ல காத்து இருந்தா மட்டம் பொய் சொல்லும்டா. ஒரு தடவை ஒரு பையனைக் குழாயோடு வெயிலில் நிற்கவும் வைத்திருக்கிறேன். இப்போது நானே.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றேன். "குழாய்க்குள்ள காத்து இருக்கு."

கூப்ளர் குனிந்து பார்த்தார். குமிழியை அவருக்குத் தெரியாதா. நாற்பது வருடம் குமிழிகளோடு குடித்தனம் செய்தவர். அவரே குழாயை உயர்த்திப் பிடித்தார். நான் விரலால் தட்டித் தட்டி நகர்த்தினேன். வாத்து முட்டை மெதுவாக ஊர்ந்து, வாசல் முனைக்கு வந்து, ஒரு சின்ன ஏப்பத்தோடு வெளியே போயிற்று.

மறுபடி அளந்தார். வாசலில் எண்பத்தொன்று. சமையலறையில் எண்பத்தைந்து.

முனைகளை மாற்றிப் பிடித்து அளந்தார். நாலு சென்டிமீட்டர். மாடிக்குப் போய்த் தன் சொந்த டேப்பைக் கொண்டு வந்து அளந்தார். நாலு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அளந்தார். அது அப்போதும் நாலுதான்.

அப்புறம் நடந்ததை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். கூப்ளர் நிமிர்ந்து நின்று, ஹேபர்லே அம்மாளின் பாதிக் கதவைப் பார்த்து, விரல் முட்டியால் படிக்கட்டின் கைப்பிடிக் கட்டையில் தட்டினார். இரண்டு தடவை. பிறகு மற்றவர்கள் தட்டினார்கள். நாலு மாடிக் கைப்பிடியும் மேளம் மாதிரி முழங்கியது. தவராசா பாத்திரக் கடையில் திருவிழா மாதிரித் தட்டினார்.

அவள் மட்டும் தட்டவில்லை. கதவை முழுவதும் சாத்திக்கொண்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளி பிடித்திருக்கும். போன வாரம் தரையெல்லாம் ஈரம்.

அக்டோபர் 20, ஞாயிறு

பீரோவைப் பார்த்தேன். கையெழுத்து இன்னும் ஆகவில்லை; இப்போது அடுக்கினால் திரும்பப் பெட்டியில் எடுத்து வைக்க வேண்டிவரலாம். பீரோவும் என்னைப் பார்த்தது.

அக்டோபர் 23, புதன்

பயிற்சி வகுப்பில் குழாயில் குமிழி தங்குவதைப் பற்றிப் பேராசிரியர் கேட்டார். கையைத் தூக்கினேன். ஹேபர்லே அம்மாள் வீட்டுக் கதையைச் சொன்னேன். எண்பது வாளி, படகு, குரங்கு எல்லாவற்றையும். முடித்ததும் அறுபது பேரும் பெஞ்சைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகுதான் எனக்கு நானே தட்டிக்கொள்ளக் கூடாது என்று பக்கத்துப் பெண் சொன்னாள்.

அக்டோபர் 26, சனி

மகன் முனிக்கிலிருந்து வந்தார். பெரிய கார், சின்னக் குரல். கையில் முதியோர் இல்லத்துக் கோப்பு. ஹேபர்லே அம்மாள் காபி ஊற்றினாள். மேஜையில் அவித்த முட்டை வைத்தாள். அது உருண்டது, பிடித்தாள். பக்கத்தில் கூப்ளர் கையெழுத்திட்ட அளவுத் தாளை வைத்தாள். கூப்ளரே கீழே வந்து, தொண்டையைச் செருமி, விளக்கமும் கொடுத்தார். அடுத்த மாதம் அஸ்திவாரம் பார்க்க ஆள் வருகிறார்களாம்.

மகன் அளவுத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டாவது முட்டையை எடுத்து, தானே மேஜையில் வைத்தார். அதுவும் உருண்டது. அவர் பிடிக்கத் தவறினார். அவள் பிடித்தாள்.

கோப்பு நீலத் தொட்டிக்குள் போயிற்று. காகிதத்துக்கு நீலம். இங்கே குப்பைக்கும் இலாகா பிரித்திருக்கிறார்கள்.

என்னைக் கூப்பிட்டாள். விலாசத் தாளை எடுத்து வைத்தாள். பேனாவைத் திறந்தாள். மூடினாள். தவராசாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். என் இதயம் மைசூர் வரை போய் வந்தது.

"ஒரு நிபந்தனையாம்," என்றார் தவராசா.

அவள் அலமாரியிலிருந்து ஒரு குவளையை எடுத்து என் கையில் கொடுத்தாள். அரை லிட்டர் பிடிக்கும்.

"இனிமேல் படிக்கு இவ்வளவு தண்ணிதானாம். வாளியைத் தன்னட்டைத் தரட்டாம். ஏழாவது படியை நீங்கள் இருக்கும் வரைக்கும் சரிப்பண்ண மாட்டாவாம். கத்தட்டும், நீங்கள் வாற நேரம் தெரியும் எண்டுறா."

"சரின்னு சொல்லுங்க."

கையெழுத்துப் போட்டாள். மேஜை சாய்வதால் கையெழுத்தும் கொஞ்சம் சரிந்துதான் இருந்தது. தாளை நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. விரல் முட்டியால் மேஜையில் ஒரு தடவை தட்டினாள். ஒரே தடவை. யாருக்கும் கேட்டிருக்காது.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று ஜெர்மனி அரசாங்கம் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் இலவசமாகக் கொடுத்தது. கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நம்பமாட்டாய் மதி, ஆனால் இது அரசாங்கம் சொன்னது, என் கணக்கில் சேராது.

கிடைத்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்று யோசித்தேன். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். பீரோவைத் திறந்தேன். உள்ளே தாலுகா அலுவலகம் இல்லை. பதினாறு மர ஹேங்கர், ஒரு லாவெண்டர் பை. சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். வேட்டியை மடித்து வைத்தேன். ஊறுகாய் ஜாடிக்கு மேல்தட்டு.

அக்கா வீடியோவில் வந்தாள்.

"பீரோவக் காட்டு."

காட்டினேன்.

"இன்னைக்குத்தான அடுக்கின?"

"எப்படித் தெரியும்?"

"நாலு வாரமா நீ அனுப்புத போட்டோவுல எல்லாம் உஞ்சட்ட கசங்கிக் கெடந்துச்சுல்லா. பெட்டிக்குள்ள இருந்த சட்ட எது, பீரோவுல இருந்த சட்ட எதுன்னு எனக்குத் தெரியாதாக்கும். நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்." கொஞ்ச நேரம் பீரோவையே பார்த்தாள். "நல்லாத்தாம்ல இருக்கு."

பின்னால் மதியின் குரல்: "மாமா, நோட்டு எழுதுதீங்களா? புளுகாம?"

எழுதுகிறேன் மதி. விமானம் சாய்ந்தது, படகு போனது, மேயர் வந்தது எதையும் நீ நம்ப வேண்டாம். எண்பது வாளியை உன் இஷ்டம் போல எட்டாகவோ எண்ணூறாகவோ திருத்திக்கொள். ஆனால் முதல் பக்கத்தில் ஒரு சின்ன வரி எழுதியிருக்கிறேன், அந்தப் பீரோவைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது என்று. அது மட்டும் நிஜம்.